312 படங்களும் ஒரு கிளச் பிளேட்டும்

மாமாவின் லாரி செத்தது சிங்கப்பூரின் சிடிஇ விரைவுச்சாலைச் சுரங்கப்பாதைக்குள். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் விடிகாலை மூன்றரை மணிக்கு வெங்காயம், முருங்கைக்காய், வாழையிலைக் கட்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு தேக்காவுக்கு வந்துகொண்டிருந்தார். ரேடியேட்டரின் கீழ்க்குழாய் வழியில் எங்கே பிளந்தது என்று அவருக்கே தெரியாது. சூடு காட்டும் முள் மூன்று வருடமாக நடுவிலேயே நிற்கும். கேட்டால், "நடுவுல நின்னா நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்" என்பார். முதலில் இழுவை குறைந்ததாம், பிறகு தகரத்தில் கல் குலுக்குவது போல ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. விரைவுச்சாலையைக் கவனிக்கும் எமாஸின் இழுவை வண்டி வந்து பக்கத்துக் கார்ப்பார்க்கில் கொண்டுபோய் விட்டது. அதற்குக் காசு கிடையாது. அன்றைக்கு மாமாவுக்குச் செலவில்லாமல் நடந்தது அது ஒன்றுதான்.

2019 நவம்பர் கடைசி. எனக்கு 17 வயது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் வாகனப் பிரிவில் முதல் வருடம் முடியப்போகிறது. அங்கே மேசைமேல் ஏற்றி வைத்திருக்கும் சுத்தமான பெட்ரோல் எஞ்சினைப் பிரித்து, மறுபடி பூட்டி, மார்க் வாங்கியிருக்கிறேன். அந்தத் தெம்பில், "மாமா, எஞ்சினை மாத்திடலாம். நானே செய்றேன்" என்று சொல்லிவிட்டேன். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா சட்டியைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

வண்டி 2004-ல் பதிவான இசுசு. பத்து வருடம் முடிந்ததும் வாகன உரிமைச் சான்றிதழை இன்னொரு பத்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தார். இங்கே சரக்கு வண்டிக்கு ஆயுள் 20 வருடம், அதற்குமேல் எத்தனை காசு வைத்திருந்தாலும் நீட்ட முடியாது. ஆக 2024-ல் எப்படியும் கழித்துத்தான் ஆக வேண்டும். மீதி இருக்கும் நாலரை வருடத்துக்கு ஏற்கெனவே காசு கட்டியாயிற்று. புது லாரி என்றால் புதுச் சான்றிதழ், புதுக் கடன். பழைய டீசல் வண்டியைக் கொடுத்து மாற்றினால் சலுகை உண்டு என்று யார் யாரோ சொன்னார்கள். மாமா காகிதத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "எஞ்சின்தான்டா" என்றார்.

காக்கி புக்கிட்டில் மாமாவுக்குப் பழக்கமான தவுக்கே (முதலாளி) ஒருவரின் தரைத்தள வொர்க்ஷாப் இருக்கிறது. கடைசி இடத்தை மூன்று வாரம் தருவதாகச் சொன்னார். பதிலுக்கு நான் தினமும் தரை கழுவ வேண்டும். அங்கே வேலை செய்யும் புதுக்கோட்டை அண்ணன் ஒருவர், வேலை முடிந்து விடுதிக்குப் போகும் முன் வந்து பார்ப்பார். ஏற்பாடு இவ்வளவுதான். அண்ணனுக்கு 14 வருட லாரி அனுபவம். என்னை முதல் நாள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, செருப்பா போட்டுக்கிட்டு வந்திருக்கே?"

எஞ்சின் 4ஜேபி1. நான்கு சிலிண்டர், 2771 சிசி டீசல், விட்டம் 93, ஸ்ட்ரோக் 102 மில்லிமீட்டர். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, எல்லாம் கம்பியும் குழாயும்தான். சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றியதும் வால்வுகளுக்கு நடுவில் விரிசல் தெரிந்தது. மூன்றாவது சிலிண்டர் சுவரில் அண்ணன் நகத்தை வைத்து மேலும் கீழும் இழுத்தார். நகம் தட்டியது. "லைனர், பிஸ்டன், ஹெட்டு, கடைசல் கூலி... எல்லாம் சேத்தா இன்னொரு எஞ்சின் விலை வந்துரும்" என்றார்.

இந்த இடத்தில் நான் என் கனவை வெளியிட்டேன். இதே எஞ்சின் டர்போ வைத்தும் வருகிறது, அதைப் போட்டால் புக்கிட் தீமா மேட்டில் லாரி பறக்கும் என்றேன். தவுக்கே காப்பி பாக்கெட்டை உறிஞ்சியபடியே, "டர்போ? தா போலே. மாடல் சேம், சேம்" என்றார். முடியாது, அதே மாடல்தான் வேண்டும் என்று அர்த்தம். எஞ்சின் எண் வரைக்கும் பதிவில் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் அந்த எண்ணையும் மாற்ற வேண்டும், வண்டி சோதனை நிலையத்துக்குப் போக வேண்டும். அதே வகை எஞ்சின் என்றால் வேலை சுலபம், வேறு வகை என்றால் அனுமதிக்கு அலைய வேண்டும். வீடியோக்களில் வெளிநாட்டுப் பையன்கள் எதில் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் திணிக்கிறார்கள். அந்த ஆசையை அன்றைக்கே தரையோடு சேர்த்துக் கழுவிவிட்டேன்.

ஜப்பானில் கழித்த வண்டியிலிருந்து வந்த எஞ்சின், இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வாங்கப் போனபோது அண்ணனும் வந்தார். நல்ல பழைய எஞ்சினை எப்படிப் பார்ப்பது என்று அங்கே கற்றதை எந்த வகுப்பிலும் கற்கவில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, வேண்டாம். எக்ஸாஸ்ட் துவாரத்தில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். கரி உலர்ந்து பொடியாக வந்தால் நல்லது, ஈரமாக ஒட்டினால் எண்ணெய் குடிக்கிறது. கிராங்க் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும், ஆடக் கூடாது. முழுதாக இரண்டு சுற்று கையால் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்திவிட்டு விடும்போது மூச்சு விடுவது போல் கேட்கும். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாலு மூச்சும் ஒரே மாதிரி இருந்தால்தான் காசு கொடுக்கலாம் என்றார். மூன்றாவது எஞ்சினில்தான் தலையாட்டினார்.

கழற்றுவது எளிது என்று எல்லாரும் சொல்வார்கள். எளிதுதான். அதனால்தான் ஆபத்து. பேட்டரியை எடுத்து, தண்ணீரையும் எண்ணெயையும் வடித்து (கழிவு எண்ணெய் தனி டிரம்மில். மழை பெய்யும் டிசம்பரில் ஒரு சொட்டு சாக்கடைக்குப் போனாலும் தவுக்கே கத்துவார்), கேபினைக் கவிழ்த்து முட்டுக்கொடுத்தோம். ரேடியேட்டர், டீசல் குழாய்கள், ஆக்சிலரேட்டர் கேபிள், எக்ஸாஸ்ட். பிறகு ஒயர்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், குளோ பிளக், எண்ணெய் அழுத்த ஸ்விட்ச், டீசலை நிறுத்தும் சொலனாய்டு, அந்தப் புகழ்பெற்ற சூட்டு முள்ளின் ஒயர். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி எண் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் போனில் படம், கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று. வேலை முடிவதற்குள் 312 படம் சேர்ந்திருந்தது. என் முறையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. அண்ணன் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "கல்யாண ஆல்பமாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் வேக்குவம் பம்ப் எனக்குப் புதிது. பெட்ரோல் எஞ்சின் தானே காற்றை உறிஞ்சும்போது வெற்றிடம் கிடைத்துவிடும், டீசலில் அது இல்லை. அதனால் பிரேக் பூஸ்டருக்கென்று தனி பம்ப். அதற்கு எஞ்சினிலிருந்து எண்ணெய் வரும் குழாய் ஒன்று, திரும்பும் குழாய் ஒன்று, பூஸ்டருக்குப் போகும் குழாய் ஒன்று. மூன்றாவதை மாட்ட மறந்தால் வண்டி நன்றாக ஓடும், நிற்காது.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை இறக்கி, கியர்பாக்ஸை ஜாக்கியில் பின்னுக்கு இழுத்து வைத்தோம். எஞ்சினை செயின் புளோக்கில் தூக்கினோம். கால் டன் பக்கம் எடை. சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக 'டக் டக்' என்று ஏற, எஞ்சின் மவுண்டை விட்டு ஒரு விரல் அளவு எழும்பி லேசாகச் சுழன்றபோது நான் ஓடிப்போய்க் கையால் பிடிக்கப் பார்த்தேன். அண்ணன் அதட்டிய அதட்டலில் பக்கத்துக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். "தொங்குறதுக்குக் கீழே கையும் போகக் கூடாது, காலும் போகக் கூடாது. விழுந்தா இரும்பு. வேற வாங்கலாம்." தவுக்கே தன் பங்குக்கு, "பெலான் பெலான்" என்றார், மெதுவாக மெதுவாக என்று.

புது எஞ்சின் தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவற்றைச் செய்தோம். கிராங்க்கின் பின் எண்ணெய் சீல், எஞ்சினின் பின்முனையில் சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தின் நடுவிலிருக்கும் சின்னப் பேரிங், தெர்மோஸ்டாட், எல்லா ரப்பர் குழாய்களும், கிளச் பிளேட், பிரஷர் பிளேட். இவையெல்லாம் மொத்தமே சில நூறு வெள்ளிதான். உள்ளே போன பிறகு மாற்றினால் கூலி மட்டும் அதைப்போலப் பல மடங்கு.

வால்வு இடைவெளியை அண்ணன் என் கையில் விட்டார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.40 மில்லிமீட்டர். முதல் சிலிண்டரை அழுத்தத்தின் உச்சியில் நிறுத்தி, முதலாவதின் இரண்டு வால்வும், இரண்டாவதின் இன்டேக்கும், மூன்றாவதின் எக்ஸாஸ்டும். கிராங்க்கை முழுதாக ஒரு சுற்று சுற்றி மீதி நான்கு. வெடிக்கும் வரிசை 1-3-4-2 என்று பாடத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். ஏன் இந்த நான்கு, ஏன் அந்த நான்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இடைவெளியை அளக்கும் ஃபீலர் தகட்டை இழுக்கும்போது எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கேட்டேன். அண்ணன் யோசித்துவிட்டு, "ஈரமான ரெண்டு வெள்ளி நோட்டை இன்னொரு நோட்டுக்கு அடியிலேர்ந்து இழுக்குற மாதிரி" என்றார். இதைவிடத் துல்லியமாக யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை. நம்ம ஊர் இரண்டு வெள்ளி பிளாஸ்டிக் நோட்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கிளச். பிளேட்டை ஃப்ளைவீலில் வைத்து, அதன்மேல் பிரஷர் பிளேட்டைப் பூட்டும்போது, பிளேட்டின் நடு ஓட்டை சரியாக மையத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் நுழையாது. அதற்கென்று பிளாஸ்டிக் கருவி வரும், எங்களிடம் இல்லை. அண்ணன் உடைந்த துடைப்பக் கட்டை ஒன்றை எடுத்து, நுனியில் ஒரு தடிமன், நடுவில் ஒரு தடிமன் என்று டேப் சுற்றிக் கொடுத்துவிட்டு, தவுக்கே கூப்பிட்டதால் போய்விட்டார். நானே பிளேட்டை வைத்தேன், கட்டையைச் செருகினேன், போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்கினேன். அழகாக மையத்தில் நின்றது. படம் எடுத்தேன். பிரஷர் பிளேட்டோடு சேர்த்து, டேப் சுற்றிய துடைப்பக் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும் படம்.

எஞ்சினை இறக்கி, கியர்பாக்ஸை ஜாக்கியில் முன்னுக்குத் தள்ளினோம். ஸ்ப்ளைன் பற்களுக்குள் நுழைய, ஒருவர் முன்னால் கிராங்க் புல்லியை அரை விரல் அளவு திருப்ப வேண்டும், இன்னொருவர் பின்னால் தள்ள வேண்டும். கடைசி ஒரு அங்குலம் போகவில்லை. கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும் பெல் ஹவுசிங் கூட்டின் போல்ட்டை மாட்டி இறுக்கினால் தானே வந்துவிடும் என்று ஸ்பேனரை எடுத்தேன். அண்ணன் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார். போல்ட்டால் இழுத்தால் அலுமினிய ஹவுசிங்கின் காது உடையும், பிளேட்டின் நடுப்பகுதி வளையும். ஜாக்கியை ஒரு நூல் இறக்கினார், புல்லியைத் திருப்பச் சொன்னார். 'க்ளப்' என்று போய் உட்கார்ந்தது.

ஒயர்களுக்கு ஒரே மாலைதான் ஆனது. இங்கே என் ஆல்பம் கைகொடுத்தது. வேக்குவம் குழாயை மூன்று முறை சரிபார்த்தேன். டீசல் ஃபில்டர் தலையிலிருக்கும் கைப்பம்ப்பை அது கல்லாகிப்போகும் வரை அழுத்தி, இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். முதலில் நுரை, பிறகு துப்பல், பிறகு சுத்தமான டீசல். ஒவ்வொன்றாக இறுக்கினேன். மூன்றாவதை இறுக்கும்போதே எஞ்சின் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை வொர்க்ஷாப்பை நிறைத்தது. மாமா அதற்குள் நின்று கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று புகையில் தெரியவில்லை.

அண்ணன் கேபினில் ஏறி, கிளச்சை மிதித்து, முதல் கியரைப் போட்டார். கரகரவென்று பற்கள் அரைபட்டன. எஞ்சினை அணைத்தால் கியர் வெண்ணெயாக விழுகிறது, ஓடும்போது விழவே மாட்டேன் என்கிறது.

மிதிக்கும்போது எண்ணெய் அழுத்தத்தில் கிளச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரில் காற்று என்றேன். நான் கீழே படுத்துக்கொள்ள, மாமா மேலிருந்து மிதித்தார். "மிதிங்க மாமா... பிடிச்சுக்கோங்க... விடுங்க." காற்று எடுத்தோம். அதே கரகர. மறுபடி எடுத்தோம். மிதியின் பக்கத்திலிருக்கும் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகித்தேன். தண்டின் நீளத்தைச் சரிசெய்தேன். மூன்றாம் முறை காற்று எடுக்கும்போது மணி பதினொன்று, பிரேக் எண்ணெய் என் காதுக்குள் போயிருந்தது.

மறுநாள் மாலை அண்ணன் வந்தார், எதையும் தொடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, கிளச் பிளேட்டை எந்தப் பக்கமாப் போட்டே?"

"எந்தப் பக்கம்னா?"

கேட்டு முடிப்பதற்குள் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிளேட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் தட்டை, அது ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம் ஸ்பிரிங்குகளோடு நடுவில் புடைத்திருக்கும், அது கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் புடைப்பு ஃப்ளைவீல் போல்ட்டுகளில் போய் உரசும், மிதித்தாலும் பிளேட் விடுபடாது. போனை எடுத்துப் படங்களைத் தள்ளினேன். பழைய பிளேட் இருந்த கோலத்துக்குப் படமே இல்லை. கழற்றிய அன்று பிரஷர் பிளேட்டின் போல்ட்டை எடுத்ததும் அது தானே நழுவி என் கையில் விழுந்தது. கரியாக இருக்கிறதே என்று நேராக இரும்புத் தொட்டியில் போட்டேன். புதுப் பிளேட்டை வைத்ததற்கும் படம் இல்லை. துடைப்பக் கட்டைக்குத்தான் இருந்தது, மூன்று கோணத்தில்.

ஒருவேளை சரியாகத்தான் போட்டிருப்பேனோ என்ற நப்பாசையில் இரும்புத் தொட்டிக்குள் இறங்கினேன். பிரேக் டிரம், சைலன்சர் துண்டு, யாரோ சாப்பிட்டுப் போட்ட நாசி லெமாக் பொட்டலம். இவற்றின் அடியில் பழைய பிளேட் கிடந்தது. துணியால் துடைத்தேன். தட்டைப் பக்கத்தில் ஃப்ளைவீல் போல்ட்டின் நிழல்கூட விழுந்திருக்கவில்லை. புடைத்த பக்கத்தின் விளிம்பில், ஆங்கிலத்தில் சின்னதாக, 'கியர்பாக்ஸ் பக்கம்' என்று பொறித்தே இருந்தது. புதுப் பிளேட்டிலும் அப்படிப் பொறித்திருக்கும். நான் மாட்டிய அன்று அந்த எழுத்து என் கண் முன்னால் இருந்திருக்க வேண்டும். இருந்ததாக நினைவே இல்லை.

அண்ணன் திட்டவில்லை. "நானும் ஒருக்கா போட்டிருக்கேன். மன்னார்குடி பஸ்ஸு. மொதலாளி ரெண்டு நாள் சோறு போடலை" என்றார். பிறகு ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார்.

முதல் முறை கியர்பாக்ஸை இறக்க எனக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. இரண்டாம் முறை மூன்றரை மணி நேரம். கோபம் வந்தால் கை வேகமாகத்தான் ஓடுகிறது. டேப்பும் ஒட்டவில்லை, படமும் எடுக்கவில்லை, எல்லாம் மனப்பாடம்தானே. பிளேட்டை எடுத்தபோது ஸ்பிரிங் கூட்டின் விளிம்பில் வெள்ளி வளையம்போல் ஒரு தேய்மானம். நல்லவேளை, கொஞ்ச நேரம்தான் ஓடியிருந்ததால் பிளேட் பிழைத்தது. திருப்பி வைத்தேன். அந்த எழுத்தைச் சத்தமாகப் படித்தேன். அண்ணனையும் படிக்கச் சொன்னேன். தமிழும் சீனமும் மலாயும் பேசும் அந்த வொர்க்ஷாப்பில் அன்று எல்லாரும் அதை ஒரு முறை படித்தார்கள், தவுக்கே உட்பட.

முதல் கியர் விழுந்தது. இரண்டாவதும். எனக்கு லைசென்ஸ் கிடையாது, 18 ஆக இன்னும் ஐந்து மாதம். அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து தொழிற்பேட்டைக்குள்ளேயே நான்கு சுற்று. பிரேக் பிடித்தது. சூட்டு முள் 2016-க்குப் பிறகு முதல் முறையாக அசைந்து மேலே வந்து, தெர்மோஸ்டாட் திறந்ததும் சற்று இறங்கி நின்றது. புது சென்சார் பன்னிரண்டு வெள்ளி. மாமா அந்தப் பன்னிரண்டு வெள்ளியைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

இரவில் எஞ்சினுக்கு அடியில் அட்டையை விரித்து வைத்தேன். முதல் நாள் காலை ஐம்பது காசு அளவு எண்ணெய்க் கறை. வேக்குவம் பம்ப்பின் திரும்பும் குழாயில் கிளிப் தளர்வு. இரண்டாம் நாள் பொட்டு அளவு. மூன்றாம் நாள் அட்டை காய்ந்திருந்தது. தவுக்கே எஞ்சின் எண்ணின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ரசீதோடு ஒரு கவரில் போட்டு மாமாவிடம் கொடுத்தார்.

சோதனைக்குப் போகும் காலை மாமா ஏறி, பின்னுக்கு எடுக்க ரிவர்ஸ் போட்டார். வண்டி நகர்ந்தது. பிறகு நின்றது. ஜன்னலில் தலையை நீட்டினார்.

"டேய், பீப் சத்தம் வரலையே."

பின்னால் போய்ப் பார்த்தேன். வெள்ளை விளக்கும் எரியவில்லை. போனை எடுத்தேன். 187-வது படம்: கியர்பாக்ஸின் இடப்பக்கம், ஸ்விட்சில் மாட்டியிருக்கும் இரண்டு ஒயர், வெள்ளை டேப்பில் என் கையெழுத்தில் 'ரிவர்ஸ்'. முதல் முறை கழற்றியபோது எடுத்தது. இரண்டாம் முறை அந்த ஒயர் எங்கே போனது என்று எந்தப் படத்திலும் இல்லை.

அண்ணன் டார்ச் லைட்டை நீட்டினார். அட்டையை மறுபடி விரித்துக்கொண்டு அடியில் நுழைந்தேன்.